குண்டூசித் தலையளவு மஞ்சள்

“மூச்ச அந்தப் பக்கம் விடுங்க தம்பி” என்கிறார் சாவிக்காரர், தலையைத் தூக்காமலே. அவருக்கு முன்னால், ஒரு பாட்டில் மூடியின் மேல் ஒட்டப்பட்டு, என் ஆள்காட்டி விரலைவிடச் சற்றே நீளமான ஒரு கார் நிற்கிறது. அதன் முன்கண்ணாடியில் வைப்பர் வரைந்துகொண்டிருக்கிறார். தூரிகையில் மயிர் ஐந்தோ ஆறோதான் இருக்கும். மீதியை அவரே பிளேடால் சீவி எறிந்துவிட்டார். முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றியிருக்கின்றன. வலது சுண்டுவிரல் இடது கட்டைவிரலுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. கோடு இழுக்கும் நேரம் மட்டும் வாயைக் குவித்து மூச்சை நிறுத்துகிறார். கோடு முடிந்ததும் பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர் போல ஒரு பெருமூச்சு, அதுவும் கார் மேல் படாமல் தோள் பக்கம் திரும்பி. பார்க்கப் போன நானும் கூடவே மூச்சைப் பிடித்ததில் இரண்டாவது வைப்பருக்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

விடுமுறை நாளில், காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. அந்த மூன்று மணி நேரம்தான், வீட்டு ஜன்னலோரம், இந்தக் குட்டிக் கார் வேலைக்கு அவர் ஒதுக்கும் நேரம். “டியூப் லைட்டு கலரப் பத்திப் பொய் சொல்லும். ஜன்னல் பொய் சொல்லாது” என்பது அவர் கட்சி. கதவுக் கைப்பிடி, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர், நம்பர் பிளேட்டின் எழுத்து, டாஷ்போர்டில் எள்ளளவு வட்டமாய் இருக்கும் ஸ்பீடு மீட்டர், அதற்குள் ஒரு முள். முள் எப்போதும் நாற்பதில் நிற்கும். ஏன் நாற்பது என்று கேட்டேன். “அதுக்கு மேல போனா நமக்குப் பயம்” என்றார்.

எதிரில் இன்னொரு நாற்காலி. அதில் அவர் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துணிக்கடை ஒன்றில் நூலும் பட்டனும் விற்கும் பகுதியில் வேலை. கையளவு துண்டுத்துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சுவர் முழுக்க இருக்கும் நூல்கண்டுகளில் அதற்கு ஒத்ததை ஒரே எட்டில் எடுத்துக் கொடுப்பவர். சாவிக்காரரின் மேசையில் எண்பது பெயிண்ட் டின்கள் மரத்தட்டில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அண்ணி கையெழுத்தில் ஒரு சீட்டு. வெறும் நிறத்தின் பெயரோடு நிற்பதில்லை. ‘பின் லைட்டு சிவப்பு’, ‘சீட்டுக்குப் பழுப்பு’, ‘டயர் கருப்பு, மினுக்காது’ என்று முகவரியோடு இருக்கும்.

கலவையும் அண்ணிதான். பழைய மூடி ஒன்றில் பல்குச்சியால் கிளறிக்கொண்டே, “இதுக்கு இன்னும் ரெண்டு சொட்டு வெள்ள... போதும். இந்தாங்க” என்று நீட்டுவார். சாவிக்காரர் வாங்கித் தூரிகையைத் தோய்ப்பார். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்ததே இல்லை. எனக்கு அது புரியவில்லை. ஒருநாள் அசட்டுத்தனமாக, “அண்ணி உங்களுக்கு நல்லா எடுபிடி வேல பாக்கறாங்க” என்று சொல்லிவிட்டேன். சட்டைக்குப் பொருந்தாத பட்டனைப் பார்ப்பது போல அண்ணி என்னைப் பார்த்தார். சாவிக்காரர் சிரித்தார்.

மற்ற நாட்களில் அவரை மார்க்கெட் மூலையில் பார்க்கலாம். ஓர் அலமாரி அகலத்துக்குக் கடை. மூன்று பக்கமும் வெட்டாத சாவிகள் தொங்கும். யார் எதற்காக இரண்டாவது சாவி செய்கிறார்கள் என்று அவர் கேட்கவே மாட்டார். ஆனால் கொடுத்த சாவியை விரலால் ஒருமுறை தடவிவிட்டு ஆளைப் பற்றிச் சொல்லுவார். “இது கோவக்காரர் சாவி. திருப்பி முடிக்கறதுக்கு முன்னாடியே இழுக்கறாரு, பாருங்க பல்லு ஒரு பக்கமா தேஞ்சிருக்கு.” என் சாவியைப் பார்த்து, “நீங்க கதவப் பூட்டிட்டு நாலு தடவ திரும்பி வந்து பாக்கற ஆளு” என்றார். உண்மைதான், ஐந்து தடவை. “இந்த ஊர்ல ஓடற காருல பாதிக்கு என் கையிலதான் சாவி பொறந்துச்சு. அதுல ஒண்ணுகூட என்னோடது இல்ல” என்று சொல்லிவிட்டு, அதை ஒரு நகைச்சுவையாகவே ரசிப்பார். வீட்டுக்கு நடந்துதான் போவார்.

அவரிடம் நான் கேட்டது என் அக்காவின் கார். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தன் சம்பளத்தில் அக்கா வாங்கிய முதல் வண்டி. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான். முதல் நாளே எங்கள் வீட்டு கேட்டில் கொண்டுபோய் இடித்தேன். வண்டி போய்ப் பல வருடம் ஆகிறது. அக்கா பிறந்தநாளுக்கு அதைச் சின்னதாகச் செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். கையில் இருந்தது ஒரே ஒரு புகைப்படம், அதுவும் வெளுத்துப்போனது. சாவிக்காரர் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். பக்கக் கண்ணாடி ஒன்றா இரண்டா? பின் சீட்டில் துண்டு விரித்திருந்ததா? “எந்தப் பக்கம் இடிச்சீங்க?” “இடது பக்கம் ஹெட்லைட்.” “வளையம் கொஞ்சம் நசுங்கியிருக்குமே. அதையும் போட்டுடவா?” போடச் சொன்னேன். அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். “என்ன கலரு?” “க்ரீம். பாலாடை மாதிரி.” அண்ணி தலையாட்டினார். டின்னில் வருகிற க்ரீம் எந்தக் காருக்கும் ஒத்துவராது என்று சொல்லிவிட்டுத் தானே கலக்கினார்.

பெட்டியைத் திறந்த அக்கா, நசுங்கிய வளையத்தைப் பார்த்ததும் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஸ்பீடு மீட்டரைப் பார்க்கக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பிறகு கணக்கு வாத்தியார் குரலில் சொன்னாள். “எல்லாம் சரி. ஆனா என் வண்டி நீலம் இல்லையே.”

ராத்திரி டியூப் லைட்டில் வாங்கி வந்த எனக்கு அதுவரை தெரியவில்லை. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். பளிச்சென்ற வெள்ளை, அதற்குள் லேசாக நீலம் ஓடியது. பனிக்கட்டி நிறம். பாலாடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் காரோடு சாவிக்கடைக்குப் போய், மற்ற வேலைகளோடு வேலையாக, “அண்ணே, கலர் மட்டும் கொஞ்சம் நீலமா இருக்காம்” என்றேன். அவர் கையில் ஓடிக்கொண்டிருந்த அரம் நின்றுவிட்டது. மெஷினை அணைத்தார். காரை வாங்கி வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“உங்களுக்கும் நீலமாத்தான் தெரியுதா?”

“உங்களுக்கும்னா?”

“எனக்குப் பூசும்போதே அப்படித்தான் தெரிஞ்சுது” என்றார். “என் கண்ணு கோளாறுன்னு விட்டுட்டேன்.”

அன்றைக்குத்தான் சொன்னார். இருபத்து மூன்று வயதில் பஸ் டிரைவர் வேலைக்குப் போயிருக்கிறார். டிரம்களுக்கு நடுவில் வளைத்து ஓட்டி, பின்னால் எடுத்து நிறுத்தி, எல்லாவற்றிலும் தேறிவிட்டார். கடைசியாகக் கண் டாக்டர் அறை. ஒரு புத்தகம். பக்கம் முழுக்கக் கலர் புள்ளிகள். “உள்ள நம்பர் இருக்கு, சொல்லுன்னாரு. எனக்கு வெறும் புள்ளிதான் தம்பி. புரட்டறாரு, புரட்டறாரு, எல்லாம் புள்ளி. புத்தகத்த மூடிட்டு ‘அடுத்த ஆளு’ன்னாரு. வேற ஒரு வார்த்த சொல்லல.” அவருக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றோடொன்று குழம்பும். தக்காளி காயா பழமா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். கல்யாணமான புதிதில், பின் லைட்டுக்குப் பச்சை பூசிக் காயவைத்திருந்த காரை அண்ணி பார்த்துவிட்டுக் காரணம் கேட்டிருக்கிறார். இவர் கூனிக் குறுகிச் சொன்னதும், “அவ்வளவுதானே? நான் சொல்றேன், நீங்க போடுங்க” என்றாராம். அதற்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. காதும் காதும் வைத்தாற்போல இருவரும் நடத்திவந்த கூட்டு வியாபாரம் அது. வண்ணம் பூசுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்று ஊர் சொல்லும்போதெல்லாம் அண்ணி பட்டனைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எடுபிடி என்று சொன்ன என் வாயை அன்றைக்குத் தைத்துக்கொள்ளத் தோன்றியது.

“கடைசி மூணு நாலு காரு இப்படித்தான் இருக்கு” என்றார். “கடைலயும் கருப்பு நூல் கேட்டவங்களுக்குக் கருநீலத்தக் குடுத்திருக்கா. ரெண்டு தடவ. முதலாளி ஒரு மாதிரியாப் பேசினாராம். புது லைட்டு போட்டதிலேருந்துதான் இப்படின்னு கடையத் திட்டிட்டு இருக்கா.”

“அண்ணி கண்ணத்தான் காட்டணும். சொல்லிட வேண்டியதுதானே அண்ணே?”

அவர் காரைத் துணியில் சுற்றினார். ரொம்ப மெதுவாகச் சுற்றினார். “அவளுக்கு இருக்கற பெருமையே அந்தக் கண்ணுதான் தம்பி. அந்த வேலைக்கும் அதான் ஆதாரம். அது போச்சுன்னு அவகிட்ட போய்ச் சொல்றதுக்கு நான் யாரு? பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவன்.”

அந்த விடுமுறைக்கு என்னையும் வரச் சொன்னார். தைரியத்துக்காக இருக்கலாம். மேசையில் இரண்டு மூடிகள் வைத்திருந்தார். ஒன்றில், அன்றுதான் கடையில் வாங்கி சீல் உடைத்த க்ரீம். இன்னொன்றில், அக்கா காருக்கு அண்ணி கலக்கியதில் மிச்சம். ஒன்றும் தெரியாதவர் போல, “இதுல எது க்ரீம்?” என்று கேட்டார்.

அண்ணி இரண்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பனிக்கட்டி நிறத்தைத் தொட்டு, “இது க்ரீம். அது நல்ல மஞ்சள்” என்றார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சாவிக்காரரின் வாய் திறந்தது, மூடியது. முப்பது வருடத்துக்கு முன் மூடிய அந்தப் புத்தகம் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். “அப்ப என் கண்ணுதான் இன்னும் கெட்டுப்போச்சு” என்றார். “எனக்கு இது நீலமாத் தெரியுது. பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போகணும், கூட வரியா?”

அண்ணி பதறிப்போனார். “ஐயய்யோ, இத ஏங்க இத்தன நாளா சொல்லல? நாளைக்கே போலாம். தம்பி, வண்டி கொண்டு வாங்க.”

கொண்டு போனேன். கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் எடுத்துவைத்ததும் அதே புள்ளிப் புத்தகம்தான். நாற்காலியில் உட்கார்ந்தவரின் சட்டை முதுகு நனைந்திருந்தது. முதல் பக்கம் யாருக்கும் தெரியும். படித்துவிட்டார். அடுத்த பக்கம். “தெரியல.” அடுத்தது. “தெரியல.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற அண்ணியின் உதடு ஒவ்வொரு பக்கத்துக்கும் அசைந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அம்மா, பரீட்சை அவருக்கு. நீங்க சொல்லிக்குடுக்காதீங்க.” அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். ஆனால் எட்டாவது பக்கத்தில் மறுபடியும் உதடு அசைந்தது.

டாக்டர் வேறொரு புத்தகத்தை எடுத்தார். அதிலும் புள்ளிகள்தான், நீலமும் மஞ்சளுமாக. சாவிக்காரர் படித்தார். அடுத்ததையும் படித்தார். கடைசிப் பக்கம் வரை ஒன்று விடாமல் படித்தார். “சிவப்பு பச்சை உங்களுக்குப் பொறந்ததிலேருந்தே குழப்பம். அது அப்படியே இருக்கு. நீலம் மஞ்சள்ல உங்க கண்ணு நல்லாவே இருக்கு” என்றார் டாக்டர்.

“நல்லாவே இருக்கா?”

“நல்லாவே இருக்கு.”

“நல்லாவேவா டாக்டர்?” என்று மூன்றாம் முறையும் கேட்டார். முப்பது வருடமாகத் தன் கண் முழுக்கவே ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர். முகம் மலர்ந்தது, உடனே வாடியது. தன் கண் சரியென்றால் எது சரியில்லை என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் கையை விட்டார். வரும்போதே இரண்டு சீட்டுப் போட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. “இவங்களுக்கும் சீட்டு வாங்கியிருக்கேன். இவங்க கண்ணையும் கொஞ்சம் பாத்துடுங்க.”

கண்புரை. இரண்டு கண்ணிலும். “கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸு மஞ்சளாயிடுச்சும்மா. நீங்க ஒரு மஞ்சக் கண்ணாடி வழியா உலகத்தப் பாத்துட்டு இருக்கீங்க” என்று டாக்டர் விளக்கினார். ஏற்கெனவே எல்லாம் மஞ்சளாகத் தெரிகிற கண்ணுக்குக் கலவையில் மஞ்சள் எதற்கு? அதைக் குறைத்துக் குறைத்துத்தான் அக்காவின் கார் பனிக்கட்டி ஆகியிருக்கிறது. கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரிந்ததும் அதனால்தான். அறுவை செய்து லென்ஸ் மாற்றினால் சரியாகிவிடும், முதலில் வலது கண் என்றார்.  திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“சரியாகலன்னா?”

 சாவிக்காரர் அண்ணியின் பையைத் தான் வாங்கி மாட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நான் போனபோது, அண்ணி கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கார்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியின் முன்னால் நின்றிருந்தார். இடது கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு வலது கண்ணை மூடிப் பார்ப்பார். அலமாரியில் இருக்கும் கார்களுக்கெல்லாம் வரிசையாகக் கண்ணடிப்பது போல இருந்தது.

“இந்தப் பழைய கண்ணுக்கு இது க்ரீமு. இந்தப் புதுக் கண்ணுக்கு ஐஸு” என்றார் என்னிடம். நான்கு கார்களைப் பொறுக்கி எடுத்து மேசையில் அடுக்கினார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். “இவ்வளவையும் கண்ணால பாத்துக்கிட்டு வாய மூடிட்டு இருந்தீங்களா?”

“நீ க்ரீம்னா அது க்ரீம்தானே.”

“நல்லா இருக்கு நியாயம்! நான் சிவப்பப் பச்சைன்னு சொன்னா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே” என்றார் அவர்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. கண்ணைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கன்னத்தில் இறங்கியதைத் துடைக்காமல் அப்படியே விட்டார். கடை முதலாளியிடம் போய், புது லைட்டைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். இடது கண்ணும் முடிந்ததும் வேலைக்கு வந்தால் போதும் என்றாராம் அவர். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா சொன்ன குறையை நான் அப்படி விட்டேற்றியாய்ச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவும் பயமாக இருந்தது.

அக்காவின் கார் பெயிண்ட் உரிக்கப்பட்டு, வெறும் உலோகமாக, பாட்டில் மூடியின் மேல் காத்திருந்தது. அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இடது கண்ணை இடுக்கிக்கொண்டு மூடியில் வெள்ளையை ஊற்றினார். பழுப்பு, பிறகு மஞ்சள். பல்குச்சியால் கிளறினார். ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிளறினார்.

“இந்தாங்க” வரும் என்று சாவிக்காரர் தூரிகையோடு கையை நீட்டிக்கொண்டிருந்தார். வரவில்லை. அண்ணி மூடியை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

“நீங்க பாருங்க. நீலம் அடிக்குதா?”

“நானா?”

 அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாவிக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். மூடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். சாய்த்துப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, மரத்தட்டில் ஒரு டின்னை எடுத்து, சீட்டை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பல்குச்சியின் நுனியில் குண்டூசித் தலையளவு மஞ்சளைத் தொட்டெடுத்தார். வாயைக் குவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூடியின் நடுவில் வைத்தார்.